வேலைக்காகப் போட்ட தடுப்பூசியால் தோள் போச்சு: இழப்பீடு யாரிடம் கேட்பது?

நுண்ணோக்கி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன். ரத்த மாதிரிகளைத் தொடுகிற எல்லோரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, டூட்டி நேரத்திலேயே எங்கள் கட்டடத்திலேயே முகாம் வைத்தார்கள். முதல் டோஸில் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது டோஸின்போது நான் உட்கார்ந்திருந்தேன், நர்ஸ் நின்றுகொண்டு, சட்டையைக் கழுத்துப் பக்கமாக இழுத்து இறக்கிவிட்டுத் தோளின் உச்சிக்குப் பக்கத்திலேயே குத்தினார். அன்று ராத்திரியே வலி ஆரம்பித்தது, மாதக்கணக்கில் ஆகியும் விடவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, அந்தப் பக்கமாகப் படுக்க முடியாது, மேல் தட்டில் இருக்கும் ரீஏஜென்ட் பாட்டிலை எடுக்க அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் தோள்மூட்டின் நீர்ப்பை வீங்கியிருக்கிறது, தசைநாரிலும் அழற்சி என்று வந்திருக்கிறது.

எலும்பு டாக்டர் "ஊசி போட்ட இடத்தால் வந்திருக்கலாம்" என்று வாயால் சொல்கிறார், எழுதிக் கேட்டால் நழுவுகிறார். லீவு தீர்ந்து சம்பளம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹெச்.ஆரிடம் போனால், "தடுப்பூசி கட்டாயம் இல்லையே, நீங்களே கையெழுத்துப் போட்டுத்தானே போட்டுக்கொண்டீர்கள், இது வேலையில் நடந்த விபத்தே கிடையாது, வேண்டுமானால் தடுப்பூசி கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா? எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, இங்கே பல நாட்டிலிருந்தும் படிக்கிறீர்கள். விஷயம் எப்படி நடக்கும் என்று பொதுவாகச் சொன்னால் போதும், என் பகுதிச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

வழக்காடி:

முதலில் ஒன்று. ஹெச்.ஆர். சொன்னதில் "கையெழுத்துப் போட்டீர்கள்" என்பது மட்டும்தான் உண்மை. மீதியெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்ட முடிவு, சட்டம் அல்ல.

கேட்கக்கூடிய இடம் மூன்று. வேலையில் காயம்பட்டவர்களுக்கான இழப்பீடு ஒன்று. பல நாடுகளில் தடுப்பூசி பாதிப்புக்கென்றே அரசு வைத்திருக்கும் நிதி இன்னொன்று. மூன்றாவது, கவனக்குறைவு என்று சாதாரண சிவில் வழக்கு. உங்கள் விஷயத்தில் முதலாவதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

தொழிலாளர் இழப்பீடு என்பது ஜெர்மனியில் 1884-லும் பிரிட்டனில் 1897-லும் ஆரம்பித்த ஏற்பாடு, அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் வடிவம் என்னவென்றால், முதலாளி மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை, காயம் வேலையால் வந்தது என்று காட்டினால் போதும். பதிலுக்குத் தொழிலாளி அதே முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையைப் பல நாடுகளில் விட்டுக்கொடுக்க வேண்டும். வலி, மன வேதனைக்கெல்லாம் இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும்தான். ஆனால் சிவில் வழக்கைவிடச் சீக்கிரம் கிடைக்கும்.

சட்டம் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான்: காயம் வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்டதா? நீங்களாகக் கிளினிக்குக்குப் போய் உங்கள் நலனுக்காக ஒரு ஊசி போட்டுக்கொண்டால் அது வேலையில் சேராது. ஆனால் வேலை கொடுத்தவர் கேட்டு, அவர் இடத்தில், அவர் நேரத்தில், அவர் செலவில், அவர் வேலையில் இருக்கும் ஆபத்துக்காகப் போட்டது வேறு கணக்கு. அமெரிக்க மாநிலங்களில் வந்த தீர்ப்புகளைப் பார்த்தால், கட்டாயம் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட எல்லா நீதிமன்றங்களும் கேட்பதில்லை. முதலாளி அழுத்தமாக வற்புறுத்தியிருந்தால், அந்தத் தடுப்பூசியால் அவருக்கும் லாபம் இருந்தால், அதுவே போதும் என்று சொன்னவை உண்டு.

ஹெபடைடிஸ் பி-க்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1991-ல் கொண்டுவந்த ரத்தவழித் தொற்று விதியின்படி, ரத்தத்தோடு புழங்கும் ஊழியருக்கு வேலையில் சேர்ந்த 10 வேலை நாட்களுக்குள் இந்தத் தடுப்பூசியை முதலாளி இலவசமாகக் கொடுக்க முன்வர வேண்டும். ஊழியர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு மறுக்கலாம், பிறகு மனம் மாறினால் அப்போதும் கொடுக்க வேண்டும். அதாவது அங்கேயும் காகிதத்தில் இது விருப்பம்தான். ஆனால் அந்த விருப்பம் உங்கள் முன்னால் வைக்கப்படுவதே நீங்கள் ரத்த மாதிரிகளைக் கையாளும் வேலை பார்ப்பதால்தான். கணக்குப்பிள்ளை வேலையில் இருந்திருந்தால் உங்களை யாரும் அந்த முகாமுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு வாதத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனிலும் இதே மாதிரிதான். வேலையில் கிருமி ஆபத்து இருந்தால், அதற்குப் பலன் தரும் தடுப்பூசி இருந்தால், முதலாளி அதை வழங்க முன்வர வேண்டும், 1974 சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி அதற்கு ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது. கையுறை, மாஸ்க் வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். முதலாளி கொடுத்த பாதுகாப்புக் கருவி கையைக் கிழித்தால், "நீங்களாக மாட்டிக்கொண்டதுதானே" என்று யாராவது சொல்வார்களா?

சும்மா படிப்பவன்:

இதுக்குத்தான் நான் எந்த ஊசியும் போடுவதில்லை. முதலில் கட்டாயப்படுத்துவார்கள், அப்புறம் கைகழுவிவிடுவார்கள்.

வார்டு அக்கா:

தம்பி, நீங்கள் ரத்த மாதிரி வேலை பார்க்காதவரை அது உங்கள் சௌகரியம். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் குத்திவிட்டால், நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்து 100-ல் 6 பேரிலிருந்து 30 பேர் வரை தொற்று வரும். பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கேட்பதும் தடுப்பூசியே வேண்டாம் என்பதும் இரண்டு தனித்தனி விஷயம், இந்த இழையில் அதைக் குழப்ப வேண்டாம்.

நுண்ணோக்கி, நான் பணியிட நலப் பிரிவில் பல வருஷம் ஊசி போட்டவள், அதனால் மருத்துவப் பக்கம் சொல்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு இல்லை, மருந்து போய்ச் சேர்ந்த இடத்தின் விளைவு. தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசை தடித்திருக்கும் இடத்தில் போட வேண்டும். அதற்கு மேலே போட்டால் ஊசி தசையைத் தாண்டி மூட்டின் நீர்ப்பைக்குள்ளேயோ தசைநாரிலேயோ போகும், மருந்து அங்கே அழற்சியைக் கிளப்பிவிடும். போடுபவர் நிற்க, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருந்தால் ஊசி தானாகவே மேலே போகும். சட்டையைக் கழுத்துப் பக்கம் இறக்கினால் தோளின் உச்சி மட்டும்தான் தெரியும், அங்கேதான் குத்தத் தோன்றும். நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் "இப்படிச் செய்யாதே" என்று போட்டிருக்கும் படம்தான்.

இது முக்கியம், ஏனென்றால் அமெரிக்கத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தின் பாதிப்புப் பட்டியலில் 2017-லேயே இந்தத் தோள் காயத்தைத் தனியாகச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பார்ப்பது நாலு விஷயம். அந்தத் தோளில் முன்பு வலியோ காயமோ இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். வேறு காரணம் எதுவும் அதை விளக்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நாலையும் ஒரு டாக்டர் முன்னால் வைக்கலாம், இது யாரோ இணையத்தில் கிளப்பிவிட்டது இல்லை, ஒரு அரசாங்கமே ஒப்புக்கொண்ட அளவுகோல்.

டாக்டர் நழுவுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "தடுப்பூசியால் வந்தது என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் யாரும் பயப்படுவார்கள், நாளைக்குக் கோர்ட்டுக்கு அழைப்பார்களோ என்று. அப்படிக் கேட்காதீர்கள். ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம், முன்பு அந்தத் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லை என்பது, இப்போது கை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது, ஸ்கேனில் என்ன இருக்கிறது, இவற்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இதெல்லாம் அபிப்பிராயம் இல்லை, கண்ணால் கண்டது. முடிவை அவர் எழுதாவிட்டாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். முதன்முதலில் டாக்டரைப் பார்த்த அன்றைய சீட்டில் "ஊசிக்குப் பிறகு வலி" என்று இருக்கிறதா பாருங்கள், அது பின்னால் எழுதும் பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

அப்புறம், இதைத் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பு என்று முறைப்படி பதிவு செய்தார்களா? உலக சுகாதார நிறுவனம் இந்தப் பாதிப்புகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது, அதில் ஊசி போடுவதில் நடக்கும் தவறும் ஒரு வகை. முகாம் நடத்தியவர்கள் பதிவு செய்யவில்லை என்றால் நீங்களே செய்யலாம், பல நாடுகளில் பாதிக்கப்பட்டவரே நேரடியாகத் தெரிவிக்க வசதி இருக்கிறது. பாட்ச் எண், ஊசி போட்டவர் பெயர், எந்தக் கை என்பதெல்லாம் முகாமின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதன் நகலை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

காகிதப்புலி:

வழக்காடி சொன்ன இரண்டாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு இந்தச் சட்டங்களைத் தோண்டிப் படிப்பது ஒரு பைத்தியம்.

தடுப்பூசி பாதிப்புக்கு அரசே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஜெர்மனியில்தான் முதலில் சட்டமானது, 1961-ல். அதற்கு முன் 1953-ல் அங்கே உச்ச சிவில் நீதிமன்றம் பெரியம்மைத் தடுப்பூசி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது: எல்லோர் நன்மைக்காக ஒருவரைச் சட்டம் கட்டாயப்படுத்தி, அதில் அவருக்கு மட்டும் கேடு வந்தால், அந்தச் சுமையை எல்லோரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும். பிறகு வந்த பெரும்பாலான திட்டங்களுக்கு அடியில் இருப்பது இந்த நியாயம்தான்.

ஆனால் இவை பெரும்பாலும் குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை, வேலைக்காக ஊசி போடும் பெரியவர் நடுவில் மாட்டிக்கொள்வார். பிரிட்டன் நல்ல உதாரணம். 1979 சட்டப்படி ஒரே தடவையாக 1,20,000 பவுண்டு, ஆனால் 60 சதவீதம் ஊனம் ஆகியிருந்தால்தான். 59 என்று முடிவானால் பூஜ்யம். அதோடு, சில விதிவிலக்குகள் போக, 18 வயதுக்கு முன் போட்டதாக இருக்க வேண்டும். வலிக்கிற தோளோடு ஒரு லேப் டெக்னீஷியன் அங்கே போய் நின்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1986 சட்டம், 1988-லிருந்து நடைமுறை. குழந்தைகளுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் தடுப்பூசி எதுவும் இதில் வரும், போட்டுக்கொண்டவர் வயது பொருட்டில்லை, அதனால் ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ ஊசி போட்ட பெரியவர்களும் கேட்கலாம். ஒவ்வொரு டோஸிலும் அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி, அதுதான் நிதி. முதல் அறிகுறியிலிருந்து 3 வருஷத்துக்குள் போக வேண்டும், பொதுவாகப் பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, மனு தோற்றாலும், நல்லெண்ணத்தோடு நியாயமான அடிப்படையில் போட்டிருந்தால் வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுக்கும். உற்பத்தியாளர் மேலோ ஊசி போட்டவர் மேலோ வழக்குப் போடுவதற்கு முன் இங்கே வந்தாக வேண்டும் என்பது அதன் மறுபக்கம். வடிவமைப்பில் கோளாறு என்று தடுப்பூசி கம்பெனியை வழக்குக்கு இழுக்க முடியாது என்று 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே "கம்பெனியைக் கேளுங்கள்" என்று உங்கள் ஹெச்.ஆர். சொன்னது அங்கே ஒரு முட்டுச்சந்து.

கோவிட் தடுப்பூசி அங்கே இந்த நல்ல திட்டத்தில் வராமல், 2005-ல் வந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ் இயங்கும் இன்னொரு திட்டத்தில் போய் விழுந்தது. அதில் ஊசி போட்ட தேதியிலிருந்தே ஒரு வருஷம்தான் கெடு, வலி வேதனைக்குக் காசு இல்லை, வக்கீல் கட்டணமும் இல்லை. வேலைக்காக ஊசி போட்டு, முதல் சில மாதம் என்ன வியாதி என்றே தெரியாமல் டாக்டர் டாக்டராக அலைந்த பலருக்கு இந்தக் கெடு தாண்டிப்போயிருக்கும்.

வேலைக்கான தடுப்பூசி என்பதைச் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிய நாடு இத்தாலி. 1992-ன் 210-ம் எண் சட்டம் கட்டாயத் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது, ஆனால் அதன் முதல் பிரிவிலேயே, கட்டாயம் இல்லாவிட்டாலும் வேலை நிமித்தமாகவோ பதவிப் பொறுப்பாலோ தேவைப்பட்ட தடுப்பூசியைப் போட்டவர்களும், மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஆபத்துப் பிரிவினரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உங்கள் ஹெச்.ஆரின் "கட்டாயம் இல்லையே" என்ற ஒற்றைவரி வாதம் அங்கே முதல் பிரிவிலேயே அடிபட்டுப்போகும். பிரான்ஸ் வேறு மாதிரி: சுகாதார ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி-யை 1991-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள், அதனால் பாதிப்பு வந்தால் தேசிய நிதி பொறுப்பு. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காப்பீடு எல்லோருக்கும் பொது, சிகிச்சையால் வந்த காயமும் அதில் வரும், வேலைக்குப் போக முடியாவிட்டால் வருமானத்தில் 80 சதவீதம், ஆனால் நஷ்டஈட்டு வழக்கு போட முடியாது.

கடைசியாக ஒரு கதை, இந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 2003 ஜனவரியில் அமெரிக்க அரசு, பெரியம்மையை யாராவது ஆயுதமாகப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்று பயந்து, சுமார் 5 லட்சம் சுகாதார ஊழியர்களுக்கு முன்கூட்டியே பெரியம்மைத் தடுப்பூசி போடத் திட்டம் போட்டது. பழைய வகைத் தடுப்பூசி, பக்கவிளைவுகள் கொஞ்சம் கடுமையானவை. நர்ஸ்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: எனக்கு ஏதாவது ஆகி வேலைக்கு வர முடியாவிட்டால் சம்பளம் யார் கொடுப்பார்? அதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சில மருத்துவமனைகளே ஒதுங்கிக்கொண்டன. ஏப்ரல் கடைசியில்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது, அதற்குள் வேகம் போய்விட்டது, இதயத்தைச் சுற்றி அழற்சி வந்ததாகவும் செய்திகள் பரவிவிட்டன. கடைசியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 40,000 பேர்கூட இல்லை. இழப்பீடு பற்றிப் பேசினால் ஜனங்கள் தடுப்பூசிக்குப் பயப்படுவார்கள் என்று நினைக்கும் அதிகாரிகள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

பழைய ஹெச்.ஆர்.:

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் கொஞ்சம். "கட்டாயம் இல்லை" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார். பெரும்பாலான நிறுவனங்களில் இப்படி ஒரு கேஸே வந்திருக்காது, படிவத்தில் "விபத்தின் வகை" என்ற கட்டத்தில் வழுக்கி விழுதல், இயந்திரம், தீ என்றுதான் இருக்கும், தடுப்பூசி என்று இருக்காது, உடனே இது நம்முடையது இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறும் என்ற பயமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இது வேலைக் காயமா இல்லையா என்று முடிவு செய்வது ஹெச்.ஆர். இல்லை. தகவல் கிடைத்தால் இன்ஷூரன்ஸுக்கோ சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கோ தெரிவிப்பது மட்டும்தான் எங்கள் வேலை. நீங்கள் இதுவரை பேசியது எல்லாம் வாய்ப்பேச்சு என்றால், பல இடங்களில் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் தெரிவிக்கவே இல்லை. நாளையே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் ஏற்பாட்டில் ஊசி போட்டது, என்ன ஆனது, இதை வேலைக் காயமாகப் பதிவு செய்து அனுப்பும்படி கேட்கிறேன் என்று. கோபம், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ மின்னஞ்சல் பதிலோ வாங்குங்கள். மறுப்பதென்றால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், எழுத்தில் கேட்டவுடன் பாதிப் பேர் சட்டப் பிரிவிடம் ஓடுவார்கள், அங்கே போனதும் பதில் மாறும்.

இன்னொன்று. "கருணை அடிப்படையில்" ஒரு தொகை தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாள் வரலாம். அதில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருக்கும். வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள். ராஜினாமா செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும், அதையும் இப்போது செய்ய வேண்டாம்.

நுண்ணோக்கி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன பிறகு பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். முகாமுக்கு முன் துறைத் தலைவர் அனுப்பியது ஒன்று கிடைத்தது: தடுப்பூசிச் சான்று கொடுக்காதவர்களுக்கு ரத்த சேகரிப்புப் பிரிவில் டூட்டி போடப்படாது என்று இருக்கிறது. அந்தப் பிரிவில் டூட்டி இல்லை என்றால் எனக்கு இரவு அலவன்ஸ் கிடையாது. முதல் டாக்டர் சீட்டில் "ஊசிக்குப் பின் தோள் வலி" என்று இருக்கிறது, அக்கா சொன்னது சரி. இன்னொரு விஷயமும் தெரிந்தது, முகாமுக்கு வந்த நர்ஸ்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, வெளி ஏஜென்சி. இதனால் கேஸ் பலவீனமாகுமா? மூன்றாவது டோஸும் பாக்கி, போடலாமா?

வழக்காடி:

அந்த மின்னஞ்சலை வீட்டில் உங்கள் சொந்தக் கணக்கில் பத்திரப்படுத்துங்கள். நோயாளிகளின் தகவல் எதுவும் கூடவே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை வைத்தே உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். வருமானத்தைக் குறைப்போம் என்று எழுதிவிட்டு விருப்பம் என்று சொல்வது எந்தத் தீர்ப்பாயத்திலும் எடுபடுவது கஷ்டம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரியில் வந்த தீர்ப்பு உங்களுக்கு உதவும். அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த ஒருவருக்கு வேலைக்காகப் போட்ட கோவிட் பூஸ்டருக்குப் பிறகு இதய உறையில் அழற்சி. ஊசியால்தான் வந்தது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. துறை சொன்னது, தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது அவசரநிலைச் சட்டத்தின் கீழ் வந்த அரசு உத்தரவு, வேலை அல்ல, எனவே நாங்கள் பொறுப்பில்லை என்று. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. காரணம் இரண்டு இருக்கலாம், அதில் வேலை ஒரு முக்கியமான காரணமாக இருந்தால் போதும், அந்த வேலையில் தொடர வேண்டும் என்பதால்தானே அவர் போட்டார் என்று சொல்லி, வாராந்திரத் தொகையும் மருத்துவச் செலவும் கொடுக்கச் சொன்னது.

ஏஜென்சி விஷயம் உங்களைப் பலவீனப்படுத்தாது, பலப்படுத்தும் என்றே நினைக்கிறேன். முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடு வாங்கினால் அவர் மேல் தனி வழக்கு போட முடியாத நாடுகளிலும், காயத்துக்குக் காரணமான மூன்றாம் தரப்பு மேல் போட முடியும். நர்ஸ் மருத்துவமனை ஊழியராக இருந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும், வெளி ஏஜென்சி என்றால் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. அங்கே தப்பை நிரூபிக்க வேண்டும், ஆனால் கிடைத்தால் வலி வேதனைக்கும் சேர்த்துக் கிடைக்கும். அமெரிக்கா மாதிரி இடத்தில் முதலில் நிதித் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று காகிதப்புலி சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒரே மருத்துவச் செலவுக்கு இரண்டு இடத்தில் காசு வாங்க விட மாட்டார்கள், ஏஜென்சியிடமிருந்து வந்தால் இன்ஷூரன்ஸ் கொடுத்ததைக் கழித்துக்கொள்ளும்.

காரணத்தை நிரூபிப்பது பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டுமோ என்று. சிவில் சட்டம் அவ்வளவு கேட்பதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூனில் ஒரு பிரெஞ்சு வழக்கில், ஹெபடைடிஸ் பி ஊசியால் நரம்பு நோய் வந்தது என்ற புகாரில், மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும் திட்டவட்டமான, ஒன்றோடொன்று பொருந்திவரும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்து நீதிபதி முடிவுக்கு வரலாம் என்றது. ஆனால் இன்னின்ன இருந்தால் தானாகவே நிரூபணம் ஆகிவிடும் என்று விதி வைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த நரம்பு நோய்த் தொடர்பைப் பெரும்பாலான ஆய்வுகள் உறுதி செய்யவில்லை, அதனால் அது கஷ்டமான வழக்கு. உங்களுடையது அப்படி இல்லை, ஊசி இடம் மாறினால் தோள் கெடும் என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

கால வரம்பை மட்டும் இன்றே பாருங்கள். முதலாளிக்குத் தெரிவிக்க ஒரு கெடு, இழப்பீட்டு மனுவுக்கு ஒரு கெடு, ஏஜென்சி மேல் வழக்குக்கு ஒரு கெடு, மூன்றும் தனித்தனி, ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

வார்டு அக்கா:

மூன்றாவது டோஸை விடாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மற்றக் கையில் போடுங்கள். போடுபவரையும் உட்காரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப்பொருள் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், 10 mIU/ml-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. அந்தச் செலவும் மருத்துவமனையுடையதுதான். "தடுப்பூசிக்கு எதிரானவர்" என்று உங்களை ஓரங்கட்டவும் இதனால் முடியாது.

துடைப்பக்காரி:

நான் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட். எங்களுக்கும் அதே முகாமில்தான் போட்டார்கள், பயன்படுத்திய ஊசிகளை அள்ளுவது நாங்கள்தான். எங்களுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது? மருத்துவமனை கான்ட்ராக்டரைக் காட்டும், அவர் போனை எடுக்க மாட்டார்.

வழக்காடி:

அக்கா, பல நாடுகளில் கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும், பிறகு அவரிடம் வசூல் செய்துகொள்வது அதன் பாடு. இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவே இதற்காக எழுதியதுதான். அதனால் கடிதத்தை இரண்டு பேருக்கும் அனுப்புங்கள். முகாமில் ஊசி போட்டதற்கு அட்டையோ சீட்டோ கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். கொடுக்கவில்லை என்றால், ஒன்றும் ஆகாத இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பாதிப்பு வந்த பிறகு கேட்டால் பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லை என்பார்கள்.